கிணறு கட்டிய வீடு

என் தாயின் தலைமுறையில் இணுவிலில் கலியாணம் கட்டிய எவரும் தேன்நிலவுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாலி ஏறிய கையோடு சொந்தக்காரர் வீடுகளில் விருந்து தொடங்கிவிடும். இன்றைக்குப் பெரியம்மா வீடு, நாளைக்குச் சித்தப்பா வீடு. மாப்பிள்ளை புதுச் சேட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பார். பொம்பிளை பந்தியில் பரிமாறுகிற மாமிமாரின் முறைகளை மனத்துக்குள் பாடமாக்கிக்கொண்டிருப்பார். விருந்தெல்லாம் முடிய நயினாதீவுக்கு ஒரு பயணம். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நாகபூசணி அம்மனுக்கு அர்ச்சனை செய்து, அமுதசுரபி மடத்தில் அன்னதானம் சாப்பிட்டு, பொழுதுபட முதல் வீடு திரும்பிவிட வேண்டும். தீவுப் பயணம் என்றால் அவ்வளவுதான். இரண்டு பேரும் தனியே இருக்க ஊர் ஒதுக்கிக் கொடுத்த இடம் சீதன வீடு ஒன்றே.

அந்தச் சீதன வீடுகளில் சில இப்போது வில்லாக்களாகிவிட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே ஆறேழு கிலோமீற்றர் வந்து, இணுவில் ஒழுங்கைகளுக்குள் திரும்பினால், கதியால் வேலி நின்ற இடத்தில் ஆளுயர மதில், மதிலில் இரும்புக் கேற், கேற்றில் ஒரு பெயர்ப்பலகை. உள்ளே ஏசி பூட்டிய அறைகள், வெட்டிவிட்ட புல், நீச்சல் தடாகம். விளம்பரத்தில் வாடகை டொலரில் இருக்கிறது. ஊரைப் பற்றி அதில் ஒரேயொரு செய்தி: நல்லூரிலிருந்து பதினைந்து நிமிடம். தவில் மேதை தட்சிணாமூர்த்தியை வளர்த்த ஊர், மயிலாப்பூர் கற்பகாம்பாள்மீது ரி. எம். சௌந்தரராஜன் பாடிப் புகழ்பெற்ற பாட்டை எழுதிய வீரமணி ஐயர் இருந்த ஊர், தைப்பூசத்தில் உலகப் பெருமஞ்சம் இழுக்கிற ஊர் என்பதெல்லாம் அங்கே இல்லை. தங்க வருகிறவருக்கு இணுவில் ஒரு தூரக்கணக்கு. எழுதியவரைக் குறை சொல்ல ஏலாது. அவரும் இணுவில் ஆள்தான், எது விலைபோகும் என்று அவருக்குத் தெரியும்.

வருவதும் சுகமாகிவிட்டது. 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2022இல் ரூபா சரிந்து, இருநூறு சொச்சத்தில் நின்ற டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபது வரை ஏறியது. ஊரில் இருப்பவர் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அதே நாட்களில் வெளியிலிருந்து வருகிறவருக்கு எல்லாம் மலிவாகப் போயிற்று.

வருகிறவர்களில் வெள்ளைக்காரர் குறைவு. எங்கடை பிள்ளைகள்தான் கூட. போன ஆடியில் எங்கள் ஒழுங்கை வில்லாவில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கணவன் இங்கே, மக்லியோட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அமெரிக்க மிசனார் 1898இல் திறந்த ஆஸ்பத்திரி அது. வலிகாமத்தில் பாதிப் பேருடைய பிறப்பத்தாட்சியில் அதன் நிழல் இருக்கும். ஐந்து வயதில் தாய்தகப்பனோடு கனடா போனவர். மனைவி ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர். முதல் வருடம் பாலிக்குப் போனார்களாம், இந்த வருடம் ஊருக்கு. கணவனின் மாமி வீடு மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அங்கே ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்; ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமி வீட்டிலை நிண்டால் அவா தன்ரை கட்டிலை எங்களுக்குத் தந்திட்டு விறாந்தையிலை பாய் போட்டுப் படுப்பா, அண்ணை. விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பா. எழுபது தாண்டின மனுசி. அதைப் பாத்துக்கொண்டு நாங்கள் ஹொலிடே எண்டு சொல்லேலுமோ?"

இந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் சொந்தத்தை மறந்து காசு கொடுத்துத் தங்குகிறார்கள் என்று புலம்பி எழுதுகிறவர்கள் இங்கே நிறைய. அவர்கள் கொண்டாடுகிற அந்த விருந்தோம்பலின் பாரம் எப்போதும் ஒரு பெண்ணின் இடுப்பில்தான் இருந்தது. சொதி தாளித்து, இலை எடுத்து, கடைசியாகச் சாப்பிட்டவர் அவர். மாமியைப் போய்ப் பார்த்து, கையில் ஒரு சாறியும் கொஞ்சக் காசும் வைத்துவிட்டு, இரவு வில்லாவில் போய்ப் படுக்கிற மருமகன் அந்தப் பாரத்தை ஏற்றாமல் விடுகிறான். அதைப் பாசக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர்களின் நாட்கள் எப்படிப் போயின என்பதும் ஊருக்குப் பாடம். காலையில் வான் வரும். ஒரு நாள் நெடுந்தீவு, குதிரையும் பெருக்கமரமும். ஒரு நாள் காரைநகர் கசூரினா கடற்கரை. பின்னேரம் நல்லூர், ரியோவில் ஐஸ்கிறீம். மத்தியானத்தில் ஒரு நாள் மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு. பிறகு கஸ்தூரியார் வீதியில் நகைக் கடைகள். கடைசி இரண்டு நாளும் சாமான் கட்டுகிற நாட்கள்: வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டி, தோலகட்டி நெல்லிரசம், ஊருக்குள்ளேயே வாங்கிய அண்ணா கோப்பி. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி முருங்கைக்காய்க்கு அந்த மனிதர் பேரம் பேசியதைப் பார்த்தேன். வில்லாவில் டொலரை எண்ணாமல் கொடுத்தவர், கிழவியிடம் இருபது ரூபாவுக்கு நின்றார். பேரம் பேசினால்தான் ஊர் ஆள் ஆகலாம் என்று நினைத்தார்போல.

ஒரு இரவு ஒடியல் கூழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வில்லாச் சமையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். கூழை இரண்டு பேருக்குக் காய்ச்ச முடியாது. நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரு பிடி போட்டாலே பானை நிறைந்துவிடும். பிளா கோலிக்கொண்டு சுற்றிவர இருக்கப் பத்துப் பேராவது வேண்டும். கடைசியில் காய்ச்சினார், நாங்கள் எட்டுப் பேர் போய்க் குந்தினோம். அந்தப் பெண் முற்றத்தில் எங்களோடு இருந்து உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடித்தார். அவர்களின் விடுமுறையில் ஊருக்குள் நடந்தது அது ஒன்றுதான்.

வில்லாவில் தங்குவதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வழக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றைப் பற்றியது.

வில்லாவாகிவிட்ட அந்த வீட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கட்டியவர் தோட்டக்காரர். 1970இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடு பாணுக்கு வரிசையில் நின்ற காலம். வலிகாமத்துத் தோட்டக்காரருக்கோ நிமிர்ந்த காலம். அதற்கு முன் இணுவில், கோண்டாவில், கொக்குவில் பக்கம் புகையிலையும் சுருட்டுக் கொட்டிலும்தான் சீவியம். அந்த ஏழு வருடத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர, ஓலைக் கூரைகள் ஓட்டுக்கு மாறின, மண்சுவர் சீமெந்துக்கு மாறியது, மகள்மாருக்கு வீடுகள் எழும்பின. செம்மண்ணுக்கு உரமும் எருவும் போட்டால் மட்டும் போதாது. கோடை முழுக்க இறைக்க வேண்டும். முதலில் துலா மிதித்து இறைத்தார்கள், பிறகு மண்ணெண்ணெய் மெசின், பிறகு கரண்ட் மோட்டர். ஆக அந்த வீட்டைக் கட்டியது கிணறு. 1977இல் இறக்குமதி திறந்துவிட விலை விழுந்தது. வீடு நின்றது, மகளுக்குச் சீதனமாகப் போனது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தொகுத்துப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொன்ன தேசவழமை, ஒரு தம்பதியின் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பரம்பரையால் வந்தது முதுசம், பெண்ணோடு வந்தது சீதனம், இருவரும் சேர்ந்து உழைத்தது தேடியதேட்டம். கனடாவில் இரண்டு பேரும் இரவு பகலாக வேலை செய்து அனுப்பிய காசில், சீதன வளவுக்குள் வெட்டிய நீச்சல் தடாகம் இந்த மூன்றில் எதில் சேரும் என்று ஒரு சட்டத்தரணி நண்பரைக் கேட்டேன். "வழக்குக்கு வரட்டும், பாப்பம்" என்று சிரித்தார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. சட்டம் இந்த அளவுக்குப் பழையதாக இருக்கும்போது, தடாகத்துக்கு அதில் இடம் தேடுவது வீண்வேலை.

ஆனால் உறுதியை விரித்துப் படித்தால் தண்ணீருக்கு இடம் இருக்கிறது. இத்தனை பரப்பு, கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை என்று எல்லை நாலும் சொல்லி முடித்து, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும், தண்ணீர் அள்ளும் உரிமையும், வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்கும். நான் சொல்கிற வீட்டின் கிணறு இரண்டு சகோதரிகளின் வளவுக்கும் எல்லையில் இருக்கிறது. மதில் கிணற்றின் நடுவால் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. தோட்டக் கிணறுகளில் இறைப்புக்கு முறைநாள் உண்டு. திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு. இதற்காகத் தலை உடைந்த கதைகளும் ஊரில் உண்டு, முறை என்றால் சும்மா வந்ததல்ல.

மகள் கனடா போன பிறகு அந்த வீடு பூட்டிக்கிடக்கவில்லை. 1990 ஜூனில் போர் மூள, வலிகாமம் வடக்கிலிருந்து சனம் கிளம்பி வந்தது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை ஆக்கள். மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் இடம் போதாமல் வெளிநாட்டுக்காரரின் வீடுகளில் மூன்று, நான்கு குடும்பமாக இருந்தார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே தென்மராட்சிக்கு ஓடியபோது அவர்களும் ஓடினார்கள், மறுவருடம் எங்களோடு திரும்பி வந்தார்கள். விடியப்புறம் அந்தக் கிணற்றடியில் வாளிகள் வரிசையில் நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆச்சி, "நீங்கள் அள்ளுங்கோ பிள்ளையள், எனக்கு அவசரமில்லை" என்பார். அந்த வீட்டில் தங்கிய முதல் வெளியூரார் அவர்கள்தான். வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள். அவர்கள் விட்டுவந்த கடற்கரையில் போருக்குப் பிறகு இராணுவம் தல்செவன என்று உல்லாச விடுதி நடத்தியது. காரைநகர்ப் பக்கம் கடற்கோட்டையை, 1971இல் கிளர்ச்சித் தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்துவைத்திருந்த அந்தக் கோட்டையை, கடற்படை விடுதியாக்கியது. குடாநாட்டில் விடுமுறை என்ற தொழிலுக்கு இப்படியும் ஒரு சரித்திரம் இருக்கிறது. கசூரினாவுக்குப் போகிற வான்கள் அதைச் சொல்வதில்லை.

இனித் தண்ணீர்க் கணக்கு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் சீவியம். மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது அடி ஏறும் என்பது இந்த வகைத் தீவு நிலங்களுக்கு நிலநீர் அறிஞர் சொல்கிற கணக்கு. கிணறுகள் வற்றி அடி தெரிகிற காலம் ஆடி, ஆவணி. நல்லூர் கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா நடக்கிற காலமும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடம் விடுகிற காலமும் அதுதான். வில்லாக்கள் நிறைகிறதும் அப்போதுதான். வெளியூர்க் கலண்டரும் எங்கள் கோடையும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்திருக்கின்றன.

எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், ஒன்றே கால் மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழம் என்றால், ஒரு தடாகம் நாற்பதாயிரம் லீற்றருக்கு மேல் பிடிக்கும். கோடை வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியாகப் போகிறது என்று வைத்தாலும் தினமும் 160 லீற்றர் காற்றோடு போகும். பழைய கிணற்றடிக் குளிப்பில் அள்ளி ஊற்றிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. தடாகத்துக் குளோரின் தண்ணீரை வாழைக்கு விட ஆருக்கும் மனம் வராது.

நியாயமாகச் சொன்னால், தோட்டத்தோடு ஒப்பிடத் தடாகம் சின்ன விசயம். ஒரு பரப்பு வெங்காயத்துக்கு ஆறேழு தரம் இறைக்கிற தண்ணீரில் தடாகம் நிறைந்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டி, பல கிணறுகளில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே ஏற்றியதும் நாங்கள்தான், விருந்தாளிகளல்ல. மலக்குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டியதும் நாங்கள்தான். அப்படியிருக்க வில்லாவை ஏன் பிடித்துக்கொள்கிறாய் என்று தோட்டக்கார நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். தோட்டக்காரர் பக்கத்துக் காணிக்காரரின் முகம் பார்த்து இறைக்கிறார். மட்டம் இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது அவருடைய பயிர். மோட்டரை நிற்பாட்டச் சொல்லி ஆச்சி சத்தம் வைத்தால் அவர் காதில் விழும். வில்லா மோட்டர் இரவில் தானாக ஓடுகிறது. ஓடுகிறதென்று தங்கியிருக்கிற இரண்டு பேருக்கும் தெரியாது, சொந்தக்காரர் ரொறன்ரோவில் நித்திரை. சத்தம் வைக்க ஆளில்லை.

ஒருவர் வளவில் நடப்பது அடுத்தவர் கிணற்றுக்கு வரும் என்பதைச் சுன்னாகம் எங்களுக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. வாளியைத் தூக்கினால் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம். சனம் பவுசர்த் தண்ணீருக்கு நின்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய கம்பனியை இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. எங்கள் ஒழுங்கையிலிருந்து அந்த இடம் சைக்கிள் ஓடுகிற தூரம்.

அந்தத் தம்பதி பாலியில் தங்கிய வில்லாவின் படங்களைக் காட்டினார்கள். நெல் வயலுக்கு நடுவே நீலமாக ஒரு தடாகம். அந்தத் தீவிலும் தண்ணீருக்கு முறை இருக்கிறது. சுபாக் என்பார்கள், கோயிலை நடுவில் வைத்து வயற்காரர் கூடித் தண்ணீர் பங்கிடுகிற சபை. 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த பிறகும் தெற்குப் பாலியில் வயல்கள் வில்லாக்களாக மாறிக்கொண்டே இருந்தன; கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. மலையும் ஏரியும் ஆறும் உள்ள தீவுக்கே அந்த நிலை. இதைச் சொன்னபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இஞ்ச குளிக்கிற தண்ணி அந்தப் பக்கத்து அம்மாவின்ரை கிணறோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கேள்வி கேட்டது அவர்தான். வில்லாவைக் கட்டியவர்களும் அதற்கு அனுமதி கொடுத்தவர்களும் கேட்காத கேள்வி.

வில்லா வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஊரில் நாலு பேருக்கு அதில் வேலை இருக்கிறது; சமையல்காரருக்கும் வான்காரருக்கும் தோட்டம் கூட்டுகிற பெண்ணுக்கும் அந்தக் காசு தேவை. தடாகம் வைத்தே தீருவோம் என்கிற சொந்தக்காரர் மாரி மழையைத் தொட்டியில் பிடித்து நிரப்பலாம், ஆடி ஆவணியில் மூடி வைக்கலாம், மலக்குழிக்கு அடித்தளம் போட்டு அடைக்கலாம். ஒன்றும் பெரிய வித்தையல்ல. பிரதேச சபை இதை நிபந்தனையாக்கலாம்; ஆக்கும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆகவே அடுத்த ஆடிக்கு வருகிறவர்களிடமே கேட்கிறேன். வாங்கோ. வில்லாவிலேயே நில்லுங்கோ. மாமியைப் போய்ப் பாருங்கோ, இடியப்பம் அவிக்க விடாதேயுங்கோ. அறை பிடிக்கிறபோது ஏசி இருக்கோ, வைஃபை இருக்கோ என்று கேட்கிற கையோடு, தடாகத்துத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அந்தக் கிணற்றில் வேறு ஆருக்குப் பங்கு, மலக்குழி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் கேளுங்கோ. நாங்கள் கேட்டால் எரிச்சலில் கேட்கிறான் என்பார்கள். டொலர் தருகிறவர் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.